வேர்க்காத கை

மயிலாத்தாளின் தம்பிக்குக் கர்னல் வேதமுத்து சொன்ன விலை நான்கு வாக்குகள். குறைத்துப் பேச இடமில்லை என்றார். பிறகு தேநீருக்குச் சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்டார். அதை மட்டும் அவளுடைய விருப்பத்துக்கு விட்டார்.

ஏழாற்றுக் குடியரசில் ராணுவம் ஒருநாளும் ஆட்சியைப் பிடித்ததில்லை. பிடித்தால் சாக்கடை அடைப்பிலிருந்து வெங்காய விலை வரை பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவ்வளவு விவரம் இல்லாதவர்கள் அங்கே அதிகாரிகளாவதில்லை. தேர்தல் ஒழுங்காக நடக்கும். எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை வராது. கூட்டணிப் பேச்சு ஆரம்பித்த மறுநாள், தலைநகர் கல்துறையில் வேப்ப மரங்களுக்கு நடுவே நிற்கும் ஒரு வெள்ளைக் கட்டடத்திலிருந்து கட்சித் தலைவர்களுக்குத் தேநீர் அழைப்பு போகும். வாசலில் ‘நிலைத்தன்மை ஆலோசனை மையம்’ என்று பலகை இருக்கும். உள்ளே போய் வந்தவர்கள் இரண்டு நாளில் ஒரு கூட்டணிக்கு வந்துவிடுவார்கள். யார் பிரதமர் என்பதில் ராணுவத்துக்கு அக்கறை கிடையாது. பாதுகாப்பு அமைச்சு ஓய்வுபெற்ற ஒரு ஜெனரலுக்குப் போக வேண்டும், முகாம்களின் கதவுக்குள் எந்த நீதிபதியும் தலை நீட்டக் கூடாது. அவ்வளவுதான். சந்தையில் இதற்குத் தரகு என்று பெயர். விற்றவன் நொந்து போவான், வாங்கியவன் நொந்து போவான், தரகன் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவான்.

இதை மயிலாத்தாளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் மாட்டுத் தரகர் மகள். அப்பா படுக்கையில் விழுந்தபின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குள் இறங்கி, இருபத்தைந்து வருடம் மாட்டையும் மனிதனையும் பல்லைப் பார்த்து எடை போட்டவள். மேட்டுக்காட்டு மேய்ச்சல் நிலத்தை ராணுவம் சுட்டுப் பழக வேலி போட்டு எடுத்துக்கொண்டபோது, மாடு வைத்திருந்தவர்களைச் சேர்த்து ஒரு கட்சி தொடங்கினாள். வேலிக்குள் ஓடிய மாடுகளைத் திருப்பிக்கொண்டு வரப் போன பன்னிரண்டு பேரைப் படைவீரர்கள் முகாமுக்குள் கொண்டுபோனார்கள். வருடம் ஒன்று தாண்டிவிட்டது. வழக்கு இல்லை, விசாரணை இல்லை. முகாம் நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே இருந்தது. அந்தப் பன்னிரண்டில் ஒருவன் அவளுடைய தம்பி பொன்னையன். அந்த ஆத்திரத்தில் மக்கள் அவள் கட்சிக்கு நான்கு இடம் கொடுத்தார்கள்.

நூற்றொரு பேர் கொண்ட அவையில் அந்த நான்குதான் அப்போது தங்கம். குடிமக்கள் முன்னணிக்கு நாற்பத்தேழு, ஒழுங்குக் கட்சிக்கு நாற்பத்தாறு. இன்னொரு நான்கு பேர் சுயேச்சைகள். அவர்கள் முதல் நாளே தேநீர் குடித்துவிட்டு ஒழுங்குக் கட்சிப் பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள்.

“பன்னிரண்டு பேரையும் கேட்கத்தான் வந்திருக்கீங்க, அம்மா,” என்றார் கர்னல். இடுங்கிய கண்களும் நல்ல பழக்கவழக்கங்களும் உள்ள மனிதர். “நான் முடியாதும்பேன். ஆறு பேராவதுன்னு இறங்குவீங்க. அப்புறம் வயசு கம்மியானவங்களையாவது விடுங்கம்பீங்க. கடைசியா, தம்பி மட்டும் வந்தாப் போதும்னு எழுந்திருப்பீங்க. எதுக்கு அவ்வளவு நேரம்? நேரா கடைசிக்கே வந்துடலாமேன்னு பார்த்தேன்.”

மயிலாத்தாள் கோப்பையைத் தொடவில்லை. “அப்பிடின்னு ஆருங்க உங்களுக்குச் சொன்னது?”

“தராசு.”

அந்தப் பெயரை அவள் கேள்விப்பட்டிருந்தாள். ராணுவத்தின் கேட்கும் இயந்திரம் என்று சொல்வார்கள். ஒட்டுக்கேட்பதுதானே, அது பழைய தொழில் என்றாள். கர்னல் தலையை ஆட்டினார்.

“ஒட்டுக்கேட்டா நீங்க என்ன சொன்னீங்கன்னு தெரியும். அதை வச்சு என்ன செய்ய? தராசு நீங்க எங்க நிறுத்தறீங்கன்னு பார்க்கும். எங்க மூச்சு மாறுது, எந்தப் பேரைச் சொல்றப்போ தொண்டை வறளுது. போன்ல, மேடையில, கல்யாண வீட்டுல, எல்லா இடத்துலயும் பேசறீங்களே. ஒவ்வொருத்தருக்கும் ஒரு அடிவிலை இருக்கும்மா. அதுக்குக் கீழே இறங்க மாட்டாங்க. அது அவங்களுக்கே தெரியாது. இதுக்குத் தெரியும்.”

நான்கு பேரும் ஒழுங்குக் கட்சிக்கு வாக்களித்தால், மறுவாரம் பொன்னையன் வீட்டில் சாப்பிடுவான் என்றார்.

அவர் மிரட்டியிருந்தால், மயிலாத்தாளுக்கு அது பழக்கம்தான். அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் சிரித்திருப்பாள். உள்ளே தேடிப் பார்த்தாள். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பேர் என்று ஊர் ஊராக முழங்கிய வாய்க்குப் பின்னால், ஒரே ஒருவன்தான் உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து வருடம் அடுத்தவர்களின் அடிவிலையைத் தோண்டி எடுத்தவளுக்குத் தன்னுடையதை ஒரு இயந்திரம் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவள் கட்சியின் இரண்டாவது ஆள் குப்பண்ணனின் மகன் செங்கோடனும் அந்தப் பன்னிரண்டில் ஒருவன். தேர்தலில் வென்ற அன்று குப்பண்ணன் வீட்டில்தான் சாப்பிட்டாள். அவன் மனைவி இரண்டு முறை நெய் ஊற்றினாள்.

“எனக்குச் சக்கர வேண்டாமுங்க,” என்று சொல்லி எழுந்தாள்.

மறுநாள் காலை, மாரியம்மனுக்கு வேண்டுதல் என்று சொல்லி அவள் மௌன விரதம் தொடங்கினாள். மாட்டுத் தரகர் மகள் வாயை மூடியது அந்த வாரத்தின் பெரிய செய்தி. தொலைக்காட்சிகளில் நான்கு நிபுணர்கள் உட்கார்ந்து அந்த மௌனத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினார்கள். வெள்ளைக் கட்டடத்தில் தராசு மட்டும் பட்டினி கிடந்தது. அவளுடைய அடிவிலை பழைய இடத்திலேயே நின்றது: தம்பி ஒருவன்.

குடிமக்கள் முன்னணியின் தலைவர் அருமைநாயகத்தை ஊரே வாத்தியார் என்று கூப்பிடும். இளவயதில் மயிலாத்தாளின் ஊர்ச் சந்தைப்பேட்டைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். பிறகு எல்லைப் போருக்கு ஆள் போதாமல் வாத்தியார்களையும் அழைத்தபோது போனார். வலது கை பிய்ந்து தொங்கத் திரும்பினார். ராணுவ மருத்துவமனையில் அதை நரம்பு நரம்பாகத் தைத்து ஒட்டினார்கள். இருபது வருடமாக அதே கையால்தான் கும்பிட்டு ஓட்டுக் கேட்கிறார். அவருடைய தேர்தல் அறிக்கையில் ஏழாவது வாக்குறுதி, எல்லா முகாம்களையும் நீதிமன்றத்தின் கீழ் கொண்டுவருவது. மூன்று தேர்தலாக அதே எண்ணில் அது இருந்தது. மூன்று முறையும் கூட்டணிப் பேச்சில் முதலில் விழுந்த விக்கெட்டும் அதுதான். தேர்தல் அறிக்கை என்பது எழுதியவரைத் தவிர யாரும் படிக்காத நூல் என்பதால் நாடு அதைக் கவனிக்கவில்லை.

பிரசாரத்துக்கு வந்தபோது வாத்தியார் விளையாட்டாக ஒன்று சொல்லியிருந்தார்: ஜெயித்தால் இந்தச் சந்தையில் ஒரு மாடு வாங்குவேன். குப்பண்ணன் கல்துறைக்குப் போய், நாலு பத்திரிகைக்காரர்கள் முன்னால், சொன்ன வாக்கைக் காப்பாற்றுங்கள் என்று அவரை வியாழக்கிழமைச் சந்தைக்கு அழைத்தான். மயிலாத்தாள் சிலேட்டில் எழுதிக் காட்டி அனுப்பியது அவ்வளவுதான். எதற்கு என்று குப்பண்ணனுக்கும் தெரியாது. தெரியாதவன் குரலில் தராசுக்கு ஒன்றும் கிடைக்காது.

சந்தையில் மாட்டுக்கு விலை வாயால் பேசுவதில்லை. வாங்குகிறவனும் தரகனும் வலது கையை நீட்டுவார்கள். மேலே ஒரு துண்டு விழும். அடியில் விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, முழுக்கையைப் பிடித்தால் ஐந்து, மணிக்கட்டைப் பிடித்தால் பத்து. பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. மேலே வாய் எதை வேண்டுமானாலும் உளறலாம்.

அன்றைக்கு வாயாக இருந்தவன் குப்பண்ணன். ஒரு செவலைப் பசுவைக் காட்டி, இரண்டாம் ஈத்து, ஆறு பல், சுழி சுத்தம், பிரதமர் வீட்டுப் பாலுக்கென்றே பிறந்தது என்று ஒலிபெருக்கி இல்லாமலே நாட்டுக்கு அறிவித்தான். கேமராக்கள் அவனையும் பசுவையும் மாறி மாறிப் பார்த்தன. கர்னலின் ஆட்கள் இரண்டு பேர் மாட்டு வியாபாரிகளைப் போல வேட்டி கட்டி நின்றார்கள். வேட்டியில் இஸ்திரி மடிப்பு இருந்தது.

துண்டுக்கடியில் மயிலாத்தாள் முதலில் நான்கு விரலைப் பிடித்தாள். பிறகு முழுக்கையும் இரண்டு விரலும். பிறகு மணிக்கட்டும் இரண்டு விரலும்.

நான்கு, ஏழு, பன்னிரண்டு. அந்த வரிசையில் எந்தப் பசுவுக்கும் விலை கிடையாது. கணக்கு வாத்தியாருக்கு அதிக நேரம் ஆகவில்லை. நான்கு ஓட்டு, ஏழாவது வாக்குறுதி, பன்னிரண்டு பேர். அவர் பசுவின் திமிலைப் பார்த்தபடியே நின்றார். பிறகு அவளுடைய மணிக்கட்டை அழுத்தினார்: பத்தாம் நாள்.

அவள் கையை உருவிக்கொண்டாள்.

“ஏனுங்க வாத்தியாரே, மாட்டுக்கு வெல பேச வந்தீங்களா, இல்ல பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்க வந்தீங்களா? இத்தன ரோசன பண்றீங்க,” என்றான் குப்பண்ணன். கூட்டம் சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். கை மறுபடி துண்டுக்குள் வந்தது. அவளுடைய ஒரு விரலை மட்டும் பிடித்து அழுத்தியது. முதல் நாள், முதல் மசோதா.

விலை சொல்லும்போது தரகர்கள் விரலை மட்டும் எண்ணுவதில்லை. கையைப் படிப்பார்கள். பணம் இல்லாதவனுக்கு உள்ளங்கை குளிரும். பொய் சொல்பவனுக்கு வேர்க்கும். அடிவிலைக்கு வந்தவனுக்குக் கட்டைவிரலின் அடியில் ஒரு நாடி குதிக்கும். மயிலாத்தாள் அந்தக் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வறண்ட, இளஞ்சூடான, ஆடாத கை. ஈரம் இல்லை, துடிப்பு இல்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஓடிய பழைய தழும்பு மட்டும் அவள் விரலுக்குத் தட்டுப்பட்டது. அடிபட்ட கையோடு விலை பேசாதே என்று அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். அது உண்மையும் சொல்லாது, பொய்யும் சொல்லாது. ஆனால் இடது கையைக் கேட்பது எப்படி? சந்தையில் இடது கையை நீட்டச் சொன்னால், அவன் அப்பன் பெயரைச் சொல்லித் திட்டியதற்குச் சமம். நாளைக்குப் பிரதமராகப் போகிறவரிடம், அதுவும் நான்கு கேமரா முன்னால். தவிர, வாழ்நாளில் முதல்முறையாக ஒரு யோக்கியமான கையைப் பிடித்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அவள் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டாள். விலை படிந்தது என்று அர்த்தம். பசு கல்துறைக்குப் போனது.

வாக்கெடுப்பு நாளில் நான்கு கைகள் வாத்தியாருக்கு உயர்ந்தன. ஐம்பத்தொன்றுக்கு ஐம்பது. ஒழுங்குக் கட்சிக்காரர்கள் கத்தினார்கள். பார்வையாளர் வரிசையில் கர்னல் வேதமுத்து நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளையைப் போலக் கைதட்டினார். குப்பண்ணன் மேசையில் தலையை வைத்து அழுதான். தன் பையனுக்குப் புதுச்செருப்பு வாங்கி வைத்திருப்பதாகப் பக்கத்து ஆளிடம் சொன்னான். வாத்தியார் வாக்குத் தவறவில்லை. முதல் நாள் முதல் மசோதா, ஏழாவது வாக்குறுதி, அதே ஒரு வாக்கு வித்தியாசத்தில் சட்டமானது. மயிலாத்தாள் விரதத்தை முடித்து, மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள்.

மறுநாள் மூன்று நீதிபதிகள் மேட்டுக்காட்டு முகாமுக்குப் போனார்கள். கதவு திறந்திருந்தது. சுவர்களுக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். வரிசையாகச் செம்பருத்தித் தொட்டிகள். முகாம் அதிகாரி இளநீர் வெட்டிக் கொடுத்து, எந்த அறையை வேண்டுமானாலும் பாருங்கள் என்றார். பார்த்தார்கள். உருளைக்கிழங்கு மூட்டைகள் இருந்தன. இங்கே யாரையும் அடைத்து வைத்ததே இல்லையே என்றார் அதிகாரி. புதுச் சட்டம் நீதிபதிகளுக்கு உள்ளே போகும் அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. உள்ளே ஆள் இருக்க வேண்டும் என்று அதில் எந்தப் பிரிவும் இல்லை.

அன்று மாலை, வெயில் இறங்கும்போது, ஒரு சாம்பல்நிற வண்டி மயிலாத்தாளின் வீட்டு வாசலில் பொன்னையனை இறக்கிவிட்டுப் போனது. புதுச்சட்டை போட்டிருந்தான். இடுப்பில் வேட்டி நிற்காத அளவுக்கு இளைத்திருந்தான். அவள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். தெருவில் இருந்தவர்களும் அழுதார்கள். பிறகு ஒவ்வொருவராக வண்டி போன திசையைப் பார்த்தார்கள். அடுத்த வண்டி எப்போது வரும் என்று கேட்டார்கள்.

வரவில்லை. விளக்கு வைத்த நேரத்திலிருந்து பதினொரு வீட்டுக்காரர்கள் அவள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. அவர்களுக்குப் பொன்னையனைப் பார்த்தால் போதும் என்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவன் சாப்பிட உட்கார்ந்தபோதும் பார்த்தார்கள். அவன் இலையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனான்.

குப்பண்ணன் மறுநாள் காலையில் வந்தான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறனுங்க. பொன்னையன் மட்டும் எப்பிடி வந்தான்?”

அவளுக்குத் தெரியவில்லை என்பது உண்மை. அந்த உண்மையை அவளே இன்னொருவர் சொல்லிக் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

“துண்டுக்குள்ள நீங்க என்ன பேசினீங்கன்னு எனக்குத் தெரியாது,” என்றான் அவன். “நான் மேல நின்னு மாட்டுக்குப் பல்லு எண்ணிட்டு இருந்தனுங்க. என்ற பையன் உள்ள இருக்கறான்னு தெரிஞ்சும் ஊரச் சிரிக்க வெச்சிட்டு இருந்தன்.” வாசல்படியில் இறங்கினான். “கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனுங்க. உங்க தம்பிய மட்டுமாச்சும் கூட்டிட்டு வாங்கன்னு. சொல்லாமப் பண்ணிப் போட்டீங்க பாருங்க.”

அவன் போனபின் மற்ற இரண்டு உறுப்பினர்களும் போனார்கள். அவர்கள் மூன்று பேரும் ஒழுங்குக் கட்சியில் சேர்ந்ததற்குப் பணமோ பதவியோ காரணமில்லை. எதிர்ப்பக்கம் உட்கார வேறு நாற்காலி இல்லை, அவ்வளவுதான். மாதம் முடிவதற்குள் அவையில் மறுபடி கை தூக்கினார்கள். நாற்பத்தெட்டுக்கு ஐம்பத்துமூன்று. வாத்தியார் வீட்டுக்குப் போனார். புது அரசின் பாதுகாப்பு அமைச்சராக ஓய்வுபெற்ற ஒரு ஜெனரல் பதவியேற்றார். ஏழாவது வாக்குறுதிச் சட்டத்தை அவர்கள் ரத்துகூடச் செய்யவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பொன்னையன் பேச ஆரம்பித்தது அதற்கும் பிறகுதான். கேட்டதற்குப் பதிலாக இல்லாமல், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது தானாகச் சொன்னான். ஒரு நாள் சாயங்காலம் முகாமுக்கு லாரி வந்தது. எல்லாரையும் ஏறச் சொன்னார்கள். இவனை மட்டும் வேறு முகாமுக்கு என்று இறக்கிவிட்டார்கள். செங்கோடன் இவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒரு வீரன் விரல்களைப் பிரித்து எடுத்தான்.

“அன்னிக்குச் சந்தை,” என்றான் பொன்னையன். “ரோட்டுல மாடெல்லாம் வூட்டுக்குத் திரும்பற மணிச் சத்தம் கேட்டுட்டு இருந்துச்சு. சந்தை கலையறப்பக் கேக்குமில்ல, அது.”

பசு கல்துறைக்குப் போன வியாழக்கிழமை அது. துண்டை உதறி அவள் தோளில் போட்ட அன்றே லாரி வந்திருக்கிறது. வாக்கெடுப்புக்கு முன், மசோதாவுக்கு முன். துண்டுக்கடியில் இருந்தது இரண்டே இரண்டு கை. ஒன்று அவளுடையது.

வாத்தியாரை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டேதான் அவள் கல்துறைக்குப் பேருந்து ஏறினாள். ஆனால் கால் வெள்ளைக் கட்டடத்துக்குப் போனது. காட்டிக்கொடுத்தவனிடம் கேட்பதைவிட வாங்கியவனிடம் கேட்டால் உண்மை கிடைக்கும் என்பது அவள் தொழில் சொல்லிக் கொடுத்தது. கர்னல் அவளைக் காக்க வைக்கவில்லை. இம்முறை சர்க்கரை இல்லாத தேநீரே வந்தது.

“வாத்தியார் எவ்வளவுக்குப் போனாருங்க?” என்று கேட்டாள்.

கர்னலுக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது போலிருந்தது. “அவரைத் தப்பா நினைக்காதீங்க. அவருக்கு அடிவிலையே இல்லை. தராசுல நாங்க பார்த்த ஒரே ஆள்.” கோப்பையை வைத்தார். “அந்தக் கை நாங்க தைச்சது அம்மா. அறுந்த நரம்பை ஒட்டறதுக்கு ஓர் இழை வச்சுத் தைப்போம். தொடறது, அழுத்தறது எல்லாம் அந்த இழை வழியாத்தான் மூளைக்குப் போகும். போற வழியில எங்களுக்கும் கொஞ்சம் வரும். அந்தப் போர்ல கை கால் போனவங்க நிறைய. இன்னைக்கு அவங்கள்ல பலர் பெரிய இடத்துல இருக்காங்க. வாத்தியாருக்கு இது தெரியாது. வேர்வை நரம்பைத் தைக்க முடியாது, அதனால அந்தக் கை வேர்க்காது. அதுவும் அவருக்குத் தெரியுமான்னு எனக்குச் சந்தேகம்.”

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். ஈரமாக இருந்தது.

“அன்னிக்கே தெரிஞ்சிருந்தா ஓட்டெடுப்புலயே தடுத்திருக்கலாமுங்களே,” என்றாள்.

“ஒரு ஓட்டுதானே, தடுத்திருக்கலாம். தடுத்தா நீங்க தியாகி ஆயிடுவீங்க. அடுத்த தேர்தல்ல பதினாலு சீட்டுன்னு தராசு சொல்லுச்சு. ஒருத்தரை விடுங்க, மிச்சத்தைப் பதினோரு வீடும் பார்த்துக்கும்னும் அதுதான் சொல்லுச்சு.” அவர் குரலில் பெருமை இல்லை, வானிலை சொல்கிறவரைப் போலச் சொன்னார். “நாங்க சொன்ன விலையிலதான் முடிஞ்சிருக்கு, பாருங்க. உங்க நாலு ஓட்டும் உடைஞ்சு போச்சு, தம்பி வந்துட்டார்.”

பதினொரு பேர் எங்கே என்று கேட்டாள். அப்படி யாரும் இருந்ததாகப் பதிவு இல்லை என்றார். இதையெல்லாம் தன்னிடம் ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டாள்.

“இனிமே நீங்க யாரோடயும் துண்டு போட மாட்டீங்க,” என்றார் கர்னல். வாசல் வரை கூடவே வந்தார். “வாத்தியார்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நல்ல மனுஷர். தெரிஞ்சா அந்தக் கையை அவரே வெட்டிப் போட்டுடுவார். சொன்னா எங்களுக்கும் தெரிஞ்சுடும்.”

வாத்தியாரின் வீடு ஊருக்கு வெளியே இருந்தது. பதவி போனபின் காவலும் போயிருந்தது. முற்றத்தில் அந்தச் செவலைப் பசுவை வைக்கோல் பந்தால் தேய்த்துக் கொண்டிருந்தார். அது நன்றாகத் தேறியிருந்தது. அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் கோபம் வருமென்று எதிர்பார்த்தாள், வந்தது சங்கடம்தான். “வா அம்மணி,” என்றார். காலையில் ஐந்து லிட்டர் கறக்கிறது என்றார். தன் ஆட்சியைவிடப் பசுவுக்கு ஆயுள் கெட்டி என்றார். பிறகு பேச்சு தீர்ந்துபோய், செங்கோடனின் தாய் தனக்கு எழுதிய கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியவில்லை என்றார்.

மயிலாத்தாள் வாயைத் திறக்கவில்லை. தோளிலிருந்து துண்டை எடுத்து அவர் முன் நீட்டினாள்.

அவர் புரியாமல் சிரித்தார். பழக்கத்தில் வலது கை நீண்டது. அவள் அதைத் தொடவில்லை. துண்டை நகர்த்தி, தொங்கிக்கொண்டிருந்த அவருடைய இடது கைக்கு நேரே பிடித்தாள்.

சந்தைப்பேட்டையில் வேலை பார்த்தவருக்கு அதன் அர்த்தம் தெரியும். அவர் முகம் சிவந்தது. எதற்கு இந்த அவமானம் என்று கேட்க உதடு பிரிந்தது. அவள் கண்கள் அவருடைய வலது மணிக்கட்டின் தழும்பில் நின்றன, அங்கேயே நின்றன. கணக்கு வாத்தியார் அந்தக் கையை மெல்லத் திருப்பிப் பார்த்தார். உச்சி வெயில். மாடு தேய்த்ததில் நெற்றியும் கழுத்தும் நனைந்திருந்தன. இடது உள்ளங்கை மினுமினுத்தது. வலது கை மட்டும் காகிதம் போல் உலர்ந்திருந்தது. இருபது வருடமாகக் கும்பிட்ட கையை அவர் ஒரு அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு அதைப் பசுவின் முதுகில் வைத்தார். அது அங்கேயே இருந்து மாட்டை மட்டும் உணரட்டும் என்பதுபோல அசையாமல் வைத்தார். இடது கையைத் துண்டுக்கடியில் கொடுத்தார்.

அது வேர்த்து வழிந்தது. கட்டைவிரலின் அடியில் நாடி குதித்தது.

மயிலாத்தாள் மணிக்கட்டைப் பிடித்தாள், பிறகு இரண்டு விரலை. போனது. ஒரு விரலை மட்டும் பிடித்தாள். வந்தது. மறுபடி மணிக்கட்டைப் பிடித்து, ஒரு விரலைப் பிடித்தாள்.

அவர் அவளுடைய மணிக்கட்டை அழுத்தினார். ஒரு விரலை அழுத்தினார். கணக்கு ஒத்துக்கொள்ளப்பட்டது.

போனது பன்னிரண்டு. வந்தது ஒன்று. பாக்கி பதினொன்று.